எனக்கு நானே வைத்த மின்னல்

“பேர் ஒண்டு யோசிச்சிட்டீங்களா புள்ள?”

நசீர் நானா ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்துக்கொண்டு, தோளில் பயணப் பையோடு நின்று கேட்டார். கொழும்புக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கீழே ஐஸ் உடைக்கிற மெசின் ஓடிய ஓட்டத்தில் எங்கள் மேல்மாடி அலுவலக அறையின் யன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. மேசையில் இருந்த பிளேன்ரீக் கோப்பைகூட மெல்ல மெல்ல விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டுச் சொன்னேன்.

“யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன் நானா.”

“ஒரு கிழமையா யோசிக்கிறீங்க. எண்ட மூத்த மகளுக்குப் பேர் வைக்கக்கூட நாங்க இவ்வளவு யோசிக்கல்ல.”

“அது நீங்க மகளுக்கு வைச்ச பேர். இது எனக்கு நானே வைக்கிறது. பிழைச்சா ஆரை ஏசுறது?”

அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். எஞ்சின் சாமான் வாங்கிக்கொண்டு திரும்ப நாலைந்து நாளாகும் என்றார். அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடந்து முடிந்தது.

போன கிழமை இந்தப் பக்கத்தில் ஐஸ் மெசினைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி தொலைபேசியில் பிடித்து, “ஐஸ் கதை கிடக்கட்டும். கடல்காரர் உங்களை வேற பேரில கூப்பிடுகினமாம், அது ஏன் எண்டு எழுதுங்கோ” என்றார். இத்தனை கிழமையும் அந்தக் கதையைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டார். எழுதத்தான் வேண்டும்.

முழுக் கடலும் கேட்கும்

அப்போது எனக்கு இருபது தாண்டியிருந்தது. ஏ.எல். சோதனையை இரண்டாம் தரமும் எழுதி, இரண்டாம் தரமும் கம்பஸ் கிடைக்காமல், வீட்டில் இருக்கவும் ஏலாமல் வெளியே போகவும் இடமில்லாமல் அலைந்த காலம். கிண்ணியாக்காரரான நசீர் நானா உள்துறைமுகக் கரையில் சில பலநாள் படகுகள் வைத்திருந்தார். ஐஸ் ஏற்றிக்கொண்டு போய், கிழமைக்கணக்கில் ஆழ்கடலில் நின்று மீன் பிடித்து வருகிற படகுகள். அங்கே கைபேசி வேலை செய்யாது. கரைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது ஒரு வானொலிப் பெட்டி. அதை எல்லோரும் ‘செட்’ என்பார்கள்.

பின்னேரம் நாலு மணிக்குப் படகுகள் ஒவ்வொன்றாகச் செட்டில் வரும். எங்கே நிற்கிறோம், என்ன மீன், காற்று எப்படி என்று சொல்லும். அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, வீட்டுச் சேதி இருந்தால் சொல்லிவிடுவது என் வேலை. “அம்மாவுக்குக் காய்ச்சல் சுகம்”, “மகள் நடக்கத் தொடங்கிட்டா” இப்படி.

செட்டில் கதைக்க ஒரு முறை இருக்கிறது. நாம் யாரைக் கூப்பிடுகிறோமோ அவருடைய பெயரை முதலில் இரண்டு தரம் சொல்ல வேண்டும். பிறகுதான் நம்முடைய பெயர். “டொக்டர், டொக்டர், கரை கதைக்குது.” இது நசீர் நானா எனக்குப் படிப்பித்த முதல் பாடம்.

இன்னொன்று, செட்டில் ஒருவரும் சொந்தப் பெயர் சொல்வதில்லை. வாயைத் திறந்தால் முழுக் கடலும் கேட்கும் அல்லவா? ஆகவே படகை நடத்துகிற ஒவ்வொரு ஸ்கிப்பரும் தனக்கென்று ஒரு பெயர் வைத்திருந்தார். ஒருவர் ‘சிங்கப்பூர்’. சிங்கப்பூரைப் படத்திலும் பார்த்திருக்கமாட்டார். ‘டொக்டர்’ என்பவர் அருளானந்தம் அண்ணன். படகில் போகிறவர்களுக்குக் காய்ச்சல், வயிற்றோட்டம் எது வந்தாலும் ஒரு பிஸ்கட் டின் நிறையக் குளிசை வைத்திருந்து கொடுப்பவர். எங்கள் ஸ்கிப்பர்மாரில் வயதில் மூத்தவர். அவருடைய குரல்தான் எப்போதும் முதலில் வரும்.

“நீங்களும் ஒண்டு வைங்க. பொம்புளப் புள்ளட சொந்தப் பேர கடல் முழுக்கக் கூப்பிட ஏலாது” என்றார் நானா.

அந்த ஒரு சொல் போதும், எனக்குள் புழு நெளியத் தொடங்கிவிட்டது. இந்த மனிதர்களுக்குக் கரையில் ஊர் வைத்த பட்டங்கள் இருந்தன. ஒன்றும் வாயால் சொல்கிற மாதிரி இல்லை. ஆனால் கடலில் அவர்கள் தாங்களே வைத்துக்கொண்ட பெயரில் இருந்தார்கள். அப்படி ஒரு வழி உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

கேக் துண்டு ஒன்று

ஏனென்றால் எனக்கும் ஊர் வைத்த பட்டம் ஒன்று இருந்தது. மிச்சம்.

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில், பிள்ளை தேவாலயத்தில் முதல் நன்மை எடுத்ததற்கு விருந்து. எனக்கு ஆறு வயது இருக்கும். காய்ச்சலில் படுத்திருந்த நான், எல்லோரும் தின்று முடித்துக் கதிரைகளை அடுக்குகிற நேரத்தில், போட்ட சட்டையோடு ஓடிப்போய் அந்த வீட்டு அன்ரியிடம், “அன்ரி, கேக் மிச்சம் இருக்கா?” என்று கேட்டேன். முழு விறாந்தையும் சிரித்தது. கேக் இருந்தது, தந்தார்கள். தின்று முடிக்க முன்னமே பெயர் ஒட்டிவிட்டது.

கோயில் பாடகர் குழுவில் மிச்சம். டியூஷனில் மிச்சம். சைக்கிளில் போனால் பின்னால், “டேய், மிச்சம் போகுதடா.” அப்பா கூடப் பாசமாகத்தான் கூப்பிடுவார், “மிச்சம், அந்தக் கண்ணாடியை எடுத்தா.” பாசமாகக் கூப்பிட்டால் எரிச்சல் இன்னும் கூடும்.

பெயரும் சும்மா பொருந்தவில்லை. நான் மூன்றாவது பெட்டை. பெரியக்காவின் சீருடை சின்னக்காவுக்குப் போய், அங்கிருந்து எனக்கு வந்தது. சப்பாத்து அப்படி. குடை அப்படி. பெரியக்காவுக்குப் பேசி வந்த மாப்பிள்ளையை அவள் வேண்டாம் என்று, சின்னக்காவும் வேண்டாம் என்றதும் அம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்! அப்போது எனக்கு வயது பதினெட்டு. “என்னைப் பாக்காதேங்கோ, கொன்று போடுவன்” என்று கத்திவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆகவே புதுப் பெயர் எனக்கு விளையாட்டு இல்லை. ஒருவருடைய கையிலிருந்தும் இறங்கி வராத ஒன்று. கடைப் பெட்டிகூட உடைக்காத புத்தம் புதிய ஒன்று. அது எனக்குக் கட்டாயம் வேண்டும்.

அலுமாரிக் கண்ணாடி

ஒரு கிழமையும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் சீப்பை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்ப்பேன். குயில். சே, கலியாண மண்டபப் பெயர். கப்டன். கேட்டால் சிரிப்பார்கள். முத்து. அந்தப் பெயரில் எங்கள் ஒழுங்கையில் ஒரு நாய் இருந்தது.

“உனக்குக் கோயில்ல தண்ணி ஊத்தி ஜெசிந்தா எண்டு வடிவா ஒரு பேர் வைச்சாச்சு. இன்னும் எத்தனை பேரடி வேணும் உனக்கு?” என்றார் அம்மா, வெங்காயம் உரித்துக்கொண்டு.

“அந்தப் பேரைச் சொல்லி எப்ப கடைசியாக் கூப்பிட்டனீங்கள்?”

அம்மா யோசித்துப் பார்த்தார். பிறகு வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டார்.

வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உள்துறைமுக வீதியால் நடப்பேன். மரக்கறிக் கடை வாசலில் மான்கள் கோவா இலைக்குச் சண்டை பிடித்துக்கொண்டு நிற்கும். மற்ற ஊர்களில் மாடு நிற்கிற இடத்தில் எங்கள் ஊரில் மான் நிற்கும். அவற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து, திரும்பி நடந்து, செருப்பு வார் அறுந்து, அதையும் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். என்ன பெயர்? என்ன பெயர்?

நசீர் நானா கொழும்புக்குப் போன அன்று பின்னேரம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மாரி தொடங்குகிற காலம். யன்னலால் பார்க்கிறேன், கிண்ணியாப் பக்கம் வானத்தில் ஒரு மின்னல். மேலிருந்து கடல்வரைக்கும் ஒரே இழுவை. ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையிலிருந்ததை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவ்வளவுதான். மின்னல். எனக்கு மயிர் கூச்செறிந்தது. மிச்சமாகக் கேட்டு வாங்காத பெயர். ஒருவரும் எனக்கு முன்னால் போட்டுக் கிழிக்காத பெயர் என்று நினைத்தேன்.

ஒருவரும் எடுக்கவில்லை

நாலு மணிக்கு மைக்கைத் தூக்கினேன். புதுப் பெயரைச் சொல்கிற அவசரத்தில் நானா படிப்பித்த முறை முழுக்க மறந்துபோய்விட்டது. என் பெயரைத்தான் முதலில் போட்டேன். அதையும் இரண்டு தரம், நீட்டி முழக்கி.

“மின்னல், மின்னல்! டொக்டர், கேக்குதா?”

செட்டில் இரைச்சல் மட்டும் வந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு கதைப்பார்கள். அன்று ஒரு படகும் வாய் திறக்கவில்லை. செட் பழுதோ என்று பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பவும் கூப்பிட்டேன். “மின்னல், மின்னல்! கேக்குதா?”

நெடுநேரத்துக்குப் பிறகு அருளானந்தம் அண்ணனின் குரல் மெதுவாக வந்தது.

“கரை, கரை, டொக்டர் கதைக்கிறன். தங்கச்சி... ஆரைக் கூப்பிடுறியள்?”

“உங்களைத்தான் அண்ணன். மின்னல் எண்டது நான். இனி அதுதான் என்ர பேர்.”

திரும்பவும் இரைச்சல். “தங்கச்சி, அதை விடுங்கோ. முதலாளி வந்தாப்போல கதைப்பம்.” அவ்வளவும் சொல்லிவிட்டு, எங்கே நிற்கிறார் என்பதைச் சொன்னார், போய்விட்டார். மற்றவர்களும் அப்படியே. எல்லோருக்கும் நான் ‘கரை’. பெயரை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்கக்கூடாது. பெட்டை ஒருத்தி மின்னல் என்று பெயர் வைத்தால் இந்த ஆம்பிளைகளுக்குப் பொறுக்காதோ? சிங்கப்பூர் போகாதவன் சிங்கப்பூர் ஆகலாம், நான் மின்னல் ஆகக்கூடாதோ? நசீர் நானாவுக்குத் தொலைபேசி எடுத்து, “செட்டில ஒருத்தரும் ஒழுங்காப் பதில் சொல்லினமில்லை” என்று முறையிட்டேன். அவர் கொழும்புக் கடைச் சத்தத்துக்குள் நின்று, “ஏரியல் வயரப் பாருங்க புள்ள, காகம் இழுத்திருக்கும்” என்றார். என்ன பெயர் வைத்தேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு நாளும் வேண்டுமென்றே இன்னும் உரத்துச் சொன்னேன். மின்னல், மின்னல். கேக்குதா, கேக்குதா. பிடிவாதத்தில் என்னை வெல்ல அந்தக் கடற்கரையில் ஆளில்லை.

கப்பல்துறை பஸ்ஸில் வந்தவர்

அதற்கடுத்த நாள் நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பச்சைச் சேலை, நெற்றியில் பெரிய பொட்டு, தலையில் பூ. யாரோ படகுக்காரரின் மனைவி, சேதி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“வாங்கோ அக்கா, இருங்கோ.”

அவர் இருக்கவில்லை. துணிப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“மின்னல் எங்க?” என்றார்.

நம்புவீர்களோ தெரியாது, எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. முதல் முதலாக ஒருவர் என் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்!

“நான்தான் அக்கா.”

“இல்லைப் பிள்ளை. மின்னல். எந்தப் படகு ஏத்தினது? ஆள் சுகமோ?” கேட்டுக்கொண்டே பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். மடித்த சாரம் ஒன்று. மினுக்கிய சேட் ஒன்று. புதுத் துவாய். “உடுத்த உடுப்போட நிப்பார் எண்டு கொண்டு வந்தனான். பழைய அளவு. இப்ப மெலிஞ்சிருப்பார்.”

“அக்கா, நீங்க ஆரைக் கேக்கிறியள்?”

“என்ர மனுசனை.”

அவருடைய பெயர் யோகராணி. கப்பல்துறைக் கிராமத்தில் இருந்து பஸ் எடுத்து வந்திருந்தார். கணவர் ஈச்சிலம்பற்று ஆள், வேறொரு முதலாளியின் பலநாள் படகில் ஸ்கிப்பர். செட்டில் அவருடைய பெயர்தான் மின்னல். நான் இந்த வேலைக்கு வர எத்தனையோ வருடங்களுக்கு முன் ஒரு மாரிக்குள் போன படகு, திரும்பி வரவில்லை. கூடப் போனவர்கள் வாழைச்சேனைப் பக்கத்து ஆட்கள். அவர்களுடைய வீடுகளில் எப்போதோ அழுது முடித்துவிட்டார்கள். யோகராணி அக்கா அழவில்லை. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டு, கணவர் அவருக்கென்று வாங்கி வைத்த பழைய செட் ஒன்றைத் தினமும் பின்னேரம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் செட்டில் கேட்க மட்டும்தான் ஏலும். மைக் இல்லை.

“மூண்டு நாளா ஒழுங்காக் கேக்கிறன். ‘மின்னல், மின்னல், கேக்குதா’ எண்டு நீங்க கூப்பிடுறியள். மற்றக் கதையெல்லாம் இரைச்சலுக்க போயிட்டுது. முதல் நாள் நம்பேல்லை. நேற்று நித்திரை இல்லை. ஆள் இல்லாமக் கரை ஒருத்தரைக் கூப்பிடாதுதானே பிள்ளை?”

யாரைக் கூப்பிடுகிறோமோ அவருடைய பெயர்தான் முதலில் வரும். அந்தக் கடலில் எல்லோருக்கும் தெரிந்த முறை. நான் என் பெயரை முதலில் போட்டு, மூன்று நாளாக அவருடைய கணவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். படகுகள் ஏன் மூச்சு விடவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. காணாமல் போனவரின் பெயரைச் செட்டில் ஒருவரும் வைக்கமாட்டார்கள். அதைப் பற்றிச் செட்டில் கதைக்கவும் மாட்டார்கள். கதைக்கக்கூடாது என்பதால்தான் என்னிடம் காரணமும் சொல்லவில்லை.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சேட்டின் கொலரைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

“அக்கா, அது எனக்கு நான் வைச்ச பேர். எனக்கு உங்கட அவரைத் தெரியாது. ஒருத்தரும் வரேல்லை அக்கா.”

அவருடைய குரல் உயர்ந்தது.

“ஆரடி உனக்குக் குடுத்தது அந்தப் பேரை? உலகத்தில உனக்கு வேற பேரே கிடைக்கேல்லையோ? உனக்குத் தாய் தேப்பன் ஒரு பேர் வைக்கேல்லையோ? ஆம்பிளையின்ர பேரை எடுத்து வைச்சுக்கொண்டு விளையாடுறியோ?”

வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள் நான். அன்று படியால் இறங்கி ஓடிவிட வேண்டும் போல இருந்தது. அவர் மெல்லக் கதிரையில் இருந்தார். சாரத்தை எடுத்து மடியில் வைத்து, மடிப்பைத் தடவித் தடவி நேராக்கினார்.

டொக்டர் சொன்னது

நாலு மணிக்குச் செட் உயிர் பெற்றது. “கரை, கரை, டொக்டர் கதைக்கிறன்.”

என்னால் மைக்கைத் தொட முடியவில்லை. அவர் திரும்பவும் கூப்பிட்டார். யோகராணி அக்கா தலை நிமிர்ந்தார்.

“இது அருளானந்தம் அண்ணன்ர குரல். எங்கட கலியாணத்துக்கு வந்தவர். ரண்டு பேரும் ஒண்டாத்தான் தொழில் படிச்சவை.” பிறகு என்னிடம் கையை நீட்டினார். “அதை ஒருக்காத் தாங்கோ பிள்ளை. எதை அமத்திக் கதைக்கிறது?”

காட்டினேன். இத்தனை வருடமும் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். நான் மூன்று நாளாகப் பிழைவிட்ட முறையை அவர் பிழைவிடவில்லை.

“மின்னல், மின்னல், ராணி கதைக்கிறன்.”

விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். இரைச்சல். திரும்பவும் அமத்தினார்.

“மின்னல், மின்னல், ராணி கதைக்கிறன். வீட்டில எல்லாரும் சுகம். கேக்குதா?”

கீழே ஐஸ் மெசின் நின்றிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் செட்டின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அருளானந்தம் அண்ணன்தான் வந்தார்.

“ராணி, ராணி, டொக்டர் கதைக்கிறன். தங்கச்சி... மின்னல் இல்லையம்மா.”

யோகராணி அக்கா செட்டுக்குக் கிட்டக் குனிந்தார்.

“அந்த முறை பக்கத்தில நிண்டது நாங்கள்தான். மீன் கிடங்கு மூடி மிதந்து வந்தது, அவன்ர படகு நம்பரோட. எண்ணெய்க் கான் வந்தது. சுத்திச் சுத்தித் தேடினனாங்கள். ஆள் ஒருத்தரையும் காணேல்லை. சொல்லவேண்டிய ஆக்களுக்கெல்லாம் சொன்னன். உன்னட்ட வந்து சொல்ல எனக்கு வாய் வரேல்லை. கப்பல்துறையால பஸ் போகேக்க நான் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு போறனான், தங்கச்சி. அவன் வரமாட்டான்.”

இத்தனை வருடத்தில் அதை ஒருவர் அவருடைய பெயரைச் சொல்லி, அவருக்கு நேரே சொன்னது அதுதான் முதல் தரம். அக்கம்பக்கம் எல்லாம் “காணேல்லை” என்றுதான் சொல்லியிருக்கிறது. மரியாதைக்குச் சொல்லாமல் விட்டார்கள். அவரோ அந்தச் சொல்லாமல் விட்டதைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அவர் பொத்தானை அமத்தினார். “ஓம் அண்ணன். கேட்டது.” பிறகு, செட்டில் கதைத்து முடிப்பவர்கள் சொல்வதையும் சொன்னார். “ஓவர்.”

மைக்கை மேசையில் வைத்துவிட்டு அழுதார். சாரத்தை முகத்தில் பொத்திக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து அழுதார். நானும் நிலத்தில் இருந்து அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். செட்டில் ஒவ்வொருவராக வந்தார்கள். “சிங்கப்பூர் கதைக்கிறன். கேட்டுக்கொண்டுதான் நிக்கிறம் அக்கா.” மீனைப் பற்றி அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கதிரையில் இருந்தவர்

படகுகள் கரைக்கு வந்த பிறகு கடற்கரையில் வைத்துக் கிரியை செய்தார்கள். அருளானந்தம் அண்ணன் முன்னுக்கு நின்று எல்லாம் செய்வித்தார். நானும் போனேன். தூரத்தில், வள்ளங்களுக்குப் பின்னால் நின்றேன். கிட்டப் போகத் துணிவு வரவில்லை.

செட்டில் நான் திரும்பவும் வெறும் ‘கரை’ ஆனேன். நசீர் நானா வேறு பெயர் கேட்கவில்லை. நானும் அலுமாரிக் கண்ணாடிப் பக்கம் போகவில்லை. மாத முடிவோடு வேலையை விட்டு நிற்கப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். மிச்சம் இனி வீட்டோடு இருக்கப் போகிறது என்று அப்பாவுக்குச் சொன்னார். கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். கால் இரண்டும் கட்டிலுக்குள் அடங்கவில்லை. எங்கே போவது, என்னவாகப் போவது, ஒன்றும் தெரியவில்லை.

நான் நிற்க இன்னும் சில நாள் இருந்தபோது யோகராணி அக்கா வந்தார். வெறும் நெற்றி. முகம் தெளிந்திருந்தது. ஆட்டோக்காரர் பின்னால் பழைய செட்டைச் சுமந்துகொண்டு ஏறினார்.

“இது இனி எனக்கு வேண்டாம் பிள்ளை. கழட்டினா உங்களுக்குச் சாமானுக்கு உதவும்.”

கதிரையைத் துடைத்துப் போட்டேன். தேத்தண்ணி ஊற்றி வைத்தேன். என்ன கதைப்பது என்று தெரியாமல் மேசையில் கிடந்ததை எல்லாம் அடுக்கினேன்.

“வேற பேர் வைச்சிட்டீங்களோ?”

“இல்லை அக்கா. எனக்குப் பேரும் வேண்டாம், வேலையும் வேண்டாம். விட்டிட்டுப் போறன்.”

அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நாலு மணி. செட் இரைந்தது.

“மின்னல், மின்னல், டொக்டர் கதைக்கிறன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அருளானந்தம் அண்ணனுக்கு என்ன பிடித்தது? இவரை வைத்துக்கொண்டு அந்த மனிதரைக் கூப்பிடுகிறாரே! செட்டை நிற்பாட்டப் பாய்ந்தேன். யோகராணி அக்கா என் கையைப் பிடித்தார்.

“உங்களைத்தான் கூப்பிடுறார். நான்தான் அண்ணனிட்டச் சொல்லிவிட்டனான்.”

“அக்கா, எனக்கு ஏலாது.”

“இவ்வளவு காலமும் அந்தப் பேரைக் கூப்பிட்டு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. நான் எத்தினை பின்னேரம் கேட்டுக்கொண்டிருந்தனான் தெரியுமோ? எடுங்கோ, பிள்ளை. ஆராவது ஒருத்தர் எடுங்கோ.”

“மின்னல், மின்னல், டொக்டர் கதைக்கிறன். கேக்குதா?”

மைக்கை எடுத்தேன். முறையைப் பிழைவிடாமல் மனதுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு பொத்தானை அமத்தினேன்.

“டொக்டர், டொக்டர், மின்னல் கதைக்கிறன். கேக்குது அண்ணன். சொல்லுங்கோ.”

யோகராணி அக்கா அதற்குப் பிறகுதான் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தார்.